கறுப்புக் கட்டிலும் சின்ன அறையும்

சின்னப் படுக்கையறைக்குக் கறுப்பு மரச்சாமான் ஆகாது என்று கடைக்காரர் முதல் வீட்டுப் பெரியவர்கள் வரை பலரும் சொல்வதுண்டு. அறை இருண்டுபோகும், குறுகித் தெரியும், தூசி பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், மங்கலக் காரியங்களுக்குக் கறுப்பு உகந்த நிறமும் இல்லை என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். இந்த நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் எவ்வளவு கறுப்பு, எங்கே, எந்த வெளிச்சத்தில் என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால், 100 சதுர அடி அறையில்கூடக் கறுப்புக் கட்டில் எடுப்பாக நிற்கும். புதுச்சேரி நகரின் தெற்கு ஓரத்தில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தையும் மீன்பிடித் துறைமுகத்தையும் ஒட்டியிருக்கும் தேங்காய்த்திட்டு போன்ற இடங்களில் நான்காவதாக உப்புக்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தக் கரையின் கறுப்பு மரம்

கறுப்பு மரச்சாமான் சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையின் தச்சர்கள் கருங்காலி மரத்தில் நாற்காலிகளும் மேசைகளும் செய்து டச்சு, ஆங்கிலேய வணிகர்களுக்குக் கொடுத்தார்கள். முறுக்கிக் கடைந்த கால்கள், பூவும் கொடியும் செதுக்கிய முதுகுப் பலகை, பிரம்பு பின்னிய இருக்கை ஆகியவை அவற்றின் அடையாளம். பல கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், லண்டனை அடுத்த தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு இத்தகைய நாற்காலிகளை வாங்கிச் சேர்த்தார். அவை டியூடர் அரசர்கள் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்றே அவர் நம்பினார். அவை இந்தியக் கரையில் செய்யப்பட்டவை என்பது பின்னாளில்தான் தெளிவானது.

கருங்காலி தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் இலங்கையிலும் மிக மெதுவாக வளரும் மரம். வெளிப்பகுதி வெளிறியிருக்கும், நடுவில் இருக்கும் வைரம் மட்டுமே கறுப்பு. அந்த வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. வைரம் பாய்ந்த பெரிய கட்டை கிடைப்பது அரிது என்பதால், பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வீடுகளில் தேக்கும் ஈட்டியும்தான் பெரும்பாலும் புழங்கின. ஈட்டி மரத்தைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள். கருஞ்சிவப்பான அந்த மரம் பாலிஷ் ஏற ஏற, வயதும் ஏற ஏற, கறுப்பை நெருங்கிவிடும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரெஞ்சுக் கால மரச்சாமான்களைப் பார்ப்பவர்கள் இந்த அடர் நிறத்தை நேரில் காணலாம். 1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்த டூப்ளே பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கட்டிலும் அங்கே இருக்கிறது.

அந்தக் கட்டில்களும் பேழைகளும் நின்ற அறைகள் எப்படி இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கூரை இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். சுவர் முழுவதும் சுண்ணாம்புப் பூச்சு. தரையிலிருந்து எழும் உயரமான சன்னல்கள். வெயிலைத் தடுத்துக் காற்றையும் மென்மையான வெளிச்சத்தையும் மட்டும் உள்ளே விடும் சாய்சட்டக் கதவுகள். அவ்வளவு வெள்ளைக்கும் உயரத்துக்கும் நடுவே நின்ற கறுப்புப் பெட்டகம், அறையை அடைக்காமல் அறைக்கு அழகு சேர்த்தது.

சின்ன அறைக்கு உதாரணம் வேண்டுமென்றால் அதுவும் புதுச்சேரியிலேயே உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். கட்டுமான இடத்திலேயே தங்கி வேலையைக் கவனித்தவர்களில் ஒருவர், பின்னாளில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நாகஷிமா. அந்த அறைகள் பெரியவை அல்ல. தரையில் மெருகேற்றிய கறுப்புக் கடப்பாக் கல், சுவரில் வழவழப்பான வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, நாகஷிமா வடிவமைத்த எளிய தேக்குச் சாமான்கள் சில. வெளிச்சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடக்கூடிய அகலமான சாய்சட்டங்கள். தரை முழுவதும் கறுப்பாக இருந்தும் அந்த அறைகள் இருட்டாகவோ இறுக்கமாகவோ இல்லை. வெளிச்சம் தாராளமாக வருகிறது, சாமான்கள் கொஞ்சமாக இருக்கின்றன, சுவர் வெள்ளையாக இருக்கிறது. கறுப்பைச் சின்ன அறைக்குள் கொண்டுவர விரும்பும் எவருக்கும் இந்த மூன்றும்தான் அடிப்படை.

இன்றைய அறையின் அளவு

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, ஒரு வீட்டில் இரண்டு அறைகள் இருந்தால் ஒன்று குறைந்தது 9.5 சதுர மீட்டரும் மற்றது 7.5 சதுர மீட்டரும் இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 102 சதுர அடியும் 81 சதுர அடியும். கூரையின் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், சுமார் 9 அடி. நகரத்து நெருக்கமான மனைகளில் படுக்கையறைகள் பெரும்பாலும் இந்தக் குறைந்தபட்ச அளவை ஒட்டியே அமைகின்றன. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால், பல அறைகளுக்கு ஒரு பக்கம் மட்டுமே சன்னல்.

10 அடிக்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். 5 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள இரட்டைக் கட்டில் அதில் 32.5 சதுர அடியை, அதாவது மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கட்டிலை ஒரு சுவரின் நடுவில் போட்டால் இரு பக்கமும் இரண்டரை அடி, கால்மாட்டில் மூன்றரை அடி மிஞ்சும். கால்மாட்டுச் சுவரில் 2 அடி ஆழ அலமாரி வைத்தால் நடக்க ஒன்றரை அடிதான் இருக்கும். அலமாரிக் கதவைத் திறந்தால் அதுவும் இல்லை. கட்டிலைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ப் பக்கச் சுவரில் அலமாரியை வைத்தால் நடுவில் 3 அடி வழி கிடைக்கும். உள்ளே படுப்பவர் எழுந்து வரச் சற்றுச் சிரமம்தான். 4 அடிக் கட்டில் போதுமென்றால் அந்த வழி 4 அடியாகும்.

தலைமாடு வடக்கே இருக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலான வீடுகளில் உள்ள வழக்கம். எனவே கட்டிலின் தலைப் பலகை பெரும்பாலும் தெற்குச் சுவரிலோ கிழக்குச் சுவரிலோ சேரும். சன்னலும் கதவும் எங்கே என்று பார்த்துக் கட்டிலின் இடத்தை முதலில் உறுதிசெய்து, மற்றவற்றைப் பிறகு யோசிப்பது நல்லது.

கறுப்பு ஏன் இடத்தைக் குறுக்குகிறது

வெள்ளை பூசிய சுவர் தன்மேல் படும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கறுப்புப் பரப்பு 5 சதவீதம் அளவுக்கே திருப்பும். சன்னலில் நுழைந்த வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்துத்தான் அறை முழுவதும் பரவுகிறது. நடுவில் ஒரு பெரிய கறுப்புப் பரப்பு நின்றால் வெளிச்சம் அங்கேயே அடங்கிவிடும். அதற்கு அப்பாலுள்ள மூலை மங்கும். மூலை தெரியாத அறை சின்னதாகத் தோன்றும். வெளிச்சம் எங்கே அடங்குகிறது என்று பார்த்தாலே கறுப்பை எங்கே வைக்கலாம் என்பது விளங்கும்.

கட்டிலும் அலமாரியும் இதில் ஒன்றல்ல. கட்டிலின் மேற்பரப்பை மெத்தையும் விரிப்பும் மூடிவிடும். கறுப்பாக வெளியே தெரிவது தலைப் பலகையும் பக்கச் சட்டமும் கால்களும் மட்டுமே. 5 அடி அகலமும் மூன்றரை அடி உயரமும் உள்ள தலைப் பலகையில்கூடப் பாதியைத் தலையணைகள் மறைத்துவிடும். அலமாரியோ 6 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 42 சதுர அடிக் கறுப்பு நேராகக் கண்முன் எழுந்து நிற்கும். அது ஏறக்குறைய பாதிச் சுவர். ஆகவே கட்டில் கறுப்பு, அலமாரி சுவரின் நிறம் என்று பிரித்துக்கொள்வதே சின்ன அறைக்குப் பொருத்தமானது. அலமாரிக் கைப்பிடிகள், கண்ணாடிச் சட்டம், சன்னல் திரைக் கம்பி ஆகியவற்றில் கறுப்பு வந்தால் கட்டிலோடு இணக்கம் உண்டாகும். தனியாக ஒரு கறுப்புப் பொருள் வந்து உட்கார்ந்த தோற்றம் இராது.

தரை தெரியும்படி கால் வைத்த சாமான்கள் இன்னொரு நல்ல வழி. கட்டிலுக்கு அடியில் பெட்டிபோல் அடைத்த இழுப்பறைகள் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால் கறுப்பில் அவை பெரிய பாளமாகத் தெரியும். அடியில் தரை ஓடுவது கண்ணில் பட்டால் அறை நீண்டு தெரியும், பெருக்கித் துடைப்பதும் எளிது. சேமிப்பு கட்டாயம் தேவையென்றால் கதவின் மேலுள்ள லாஃப்ட்டை வெள்ளைக் கதவு போட்டு மூடிப் பயன்படுத்தலாம்.

தமிழ் வீடுகளில் சுவருக்குள் கடப்பாக் கல் பதித்த அலமாரித் தட்டுகள் பழக்கமானவை. இந்தக் கல் தட்டு கறையானுக்கு அஞ்சாது, ஈரத்துக்கு உப்பாது, விலையும் குறைவு. பலர் அதன் முன்னோரத்தை மறைத்து மைக்கா ஒட்டுகிறார்கள். கறுப்புக் கட்டில் போடும் அறையில் அதை மறைக்க வேண்டியதில்லை. மெருகேற்றிய கல்லோரம் கட்டிலின் கறுப்போடு இயல்பாகச் சேரும்.

சுவர், தரை, துணி

சுவருக்கும் கூரைக்கும் வெளிர் நிறம் என்பதில் மாற்றமில்லை. தூய வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே வேறுபாடு மிகக் கடுமையாக இருக்கும், கண் அலுத்துப்போகும். தந்த நிறம், வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை ஆகியவை கறுப்பைச் சற்றுத் தணிக்கும். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதி வீடுகளில் காணும் மஞ்சளின் வெளிறிய சாயலை ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் அறைக்கு ஊரின் முகம் வந்துவிடும். அந்தச் சுவர் சன்னலுக்கு எதிர்ச் சுவராக இருந்தால், காலை வெளிச்சம் அதில் பட்டுக் கதகதப்பாகத் திரும்பும்.

பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை கறுப்புக் கட்டிலுக்கு நல்ல துணை. வெள்ளை டைல்ஸ் தரையில் கட்டில் தெளிவாக எடுத்துத் தெரியும். கோரைப் பாயோ பருத்தி ஜமக்காளமோ விரித்தால் அந்தத் தெளிவு கொஞ்சம் மென்மையாகும். தரையே கறுப்பென்றால் கட்டில் தரையில் கரைந்துவிடும். அங்கே வெளிர் விரிப்பு அவசியம்.

மங்கலம் பற்றிய மனக்குறை இருக்கும் வீடுகளில் துணிதான் கைகொடுக்கும். விரிப்பிலும் தலையணை உறையிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை வந்தால் கறுப்பு பின்னுக்குப் போய்விடும். கரூர், சென்னிமலைக் கைத்தறி விரிப்புகள் இதற்கு ஏற்றவை. பெரியவர்களின் மனம் ஒப்பவில்லை என்றால் முழுக் கறுப்பை விட்டு, ஈட்டியின் கருஞ்சிவப்பையோ காப்பிக்கொட்டை நிறத்தையோ தேர்ந்தெடுக்கலாம். பார்வைக்கு ஏறக்குறைய அதே எடுப்பு கிடைக்கும், வீட்டில் ஒற்றுமையும் நிலைக்கும். அலங்காரப் பொருள் ஒன்றோ இரண்டோ போதும். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் சிற்பம் ஒன்று கறுப்புப் பலகையின்மேல் தனித்து நிற்கும்.

கண்ணாடியைச் சன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் அறைக்குள் திரும்பும். கட்டிலுக்கு நேரே கண்ணாடி இருப்பதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. பக்கச் சுவர் அந்தச் சிக்கலையும் தீர்த்துவிடும்.

சன்னலும் விளக்கும்

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் சன்னல் திறப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. 100 சதுர அடி அறைக்கு அது சுமார் 17 சதுர அடி. 4 அடிக்கு 4 அடிச் சன்னலைவிடச் சற்றுக் கூடுதல். அவ்வளவு திறப்பில்லாத அறையில் கறுப்பைக் கட்டிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கனத்த திரைக்குப் பதில் வெளிர் பருத்தித் திரை போதும்.

கறுப்புச் சாமான் அறையைச் சூடாக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. நேர் வெயில் படும்போது மட்டுமே அது உண்மை. நிழலில் நிற்கும் கறுப்புக் கட்டிலும் வெள்ளைக் கட்டிலும் ஒரே சூட்டில்தான் இருக்கும். மேற்குச் சன்னலின் மாலை வெயில் விழும் இடத்தில் மட்டும் கறுப்புப் பலகையை வைக்காமல் இருந்தால் சரி. வெயில் தொடர்ந்து பட்டால் நிறம் வெளிறும், ஒட்டிய மைக்காவின் ஓரமும் பிரியும்.

இரவில் ஒற்றை டியூப் லைட் மட்டும் எரியும் அறையில் கறுப்புச் சாமான் தட்டையாகவும் கனமாகவும் தெரியும். தலைப் பலகையின் இரு பக்கமும் மஞ்சள் ஒளி தரும் சின்ன எல்.இ.டி. விளக்குகள் இரண்டு சேர்ந்தால் மரத்தின் ரேகையும் வளைவும் புலப்படும். 2,700 முதல் 3,000 கெல்வின் என்று பெட்டியில் அச்சிட்ட விளக்குகள் இதற்குப் பொருந்தும். 6,500 கெல்வின் வெள்ளை ஒளியில் கறுப்பு நீலம் பூத்துத் தெரியும்.

எந்தக் கறுப்பு

கடையில் கறுப்பு என்று விற்கப்படுபவை பல வகை. இயற்கையிலேயே கறுப்பான கருங்காலிக் கட்டில் இன்று வாங்கக்கூடிய பொருளல்ல. ஈட்டியைக் காக்கத் தமிழ்நாடு 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2017 முதல் ஈட்டியின் பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் உள்ளன. பழைய ஈட்டிச் சாமான் வேண்டுவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போவதுண்டு. அவை பெரிய வீடுகளுக்காகச் செய்தவை. மாடிப்படித் திருப்பத்தையும் அறை வாசலையும் அளக்காமல் வாங்கினால் சாமான் வாசலிலேயே நின்றுவிடும்.

தேக்கு, வேம்பு, பூவரசு போன்ற மரங்களுக்குச் சாயமேற்றிக் கறுப்பாக்குவது நடைமுறையில் உள்ள வழி. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும் என்பது இந்தக் கரையின் சாயக்காரர்களுக்குப் பல தலைமுறைகளாகத் தெரிந்த ரகசியம். கடுக்காய் ஏற்றிய துணியில், வெல்ல நீரில் ஊறப்போட்ட இரும்பின் சாற்றால் எழுதித்தான் கலம்காரிக் கறுப்பு உண்டாகிறது. துவர்ப்புள்ள மரத்தில் இரும்புக் கரைசல் பூசினாலும் அதே வினை நிகழ்ந்து மரம் உள்ளிருந்தே கறுக்கும். ரேகை மறையாத கறுப்பு இது. கீறினாலும் உடனே வெள்ளை தெரியாது.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் அழகானது, ஆனால் ஈரத்துக்கும் சூட்டுக்கும் தாங்காது. சூடான டம்ளரை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். கறுப்பில் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். கடற்கரை ஊர்களுக்குப் பாலியூரிதேன் (பி.யு.) பூச்சு மேல். பளபளப்பான பூச்சில் கைரேகையும் கீறலும் உடனே தெரியும்; மங்கலான பூச்சு அவற்றை மறைக்கும். இரண்டுக்கும் நடுவான சாட்டின் பூச்சு அன்றாடப் புழக்கத்துக்கு ஏற்றது. பிளைவுட்டில் செய்வதென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பலகையைக் கேட்டு வாங்க வேண்டும். தூள் அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு ஈரம் குடித்தால் உப்பிவிடும். பிறகு சீராக்க வழியில்லை.

உப்புக்காற்றும் மழைக்காலமும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நகரின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. தாழ்வான, கடலோரப் பகுதிகளில் மரச்சாமான் வாங்குவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும். தரையை ஒட்டிய அடைப்புப் பெட்டியைவிட ஆறங்குலக் கால்மேல் நிற்கும் கட்டில் இங்கேயும் நல்லது.

பவுடர் கோட்டிங் செய்த கறுப்பு இரும்புக் கட்டில் மெலிந்த சட்டங்களால் ஆனது என்பதால் சின்ன அறையில் இடத்தை அடைக்காமல் தெரியும். விலையும் குறைவு. ஆனால் பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் உப்புக்காற்று புகுந்து துருவைத் தொடங்கிவிடும். பற்றவைத்த மூட்டுகளையும் திருகுகளையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, கீறலில் உடனே கறுப்புப் பெயின்ட் தொட்டுவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையின்போது சுவர் வியர்க்கும். அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலம் விட்டால் காற்று ஓடும், பூஞ்சை பிடிக்காது. கறுப்புப் பலகையில் பூஞ்சை வெள்ளைப் படலமாகத் தெரிவது ஒரு வகையில் நன்மை; தொடக்கத்திலேயே துடைத்துவிடலாம். கடலோர வீட்டில் படியும் தூசியில் உப்பும் கலந்திருக்கும். உலர்ந்த துணியால் மட்டும் தேய்த்தால் அது பூச்சைக் கீறும். முதலில் பிழிந்த ஈரத் துணி, பிறகு உலர்ந்த மென்துணி என்று வாரம் இருமுறை துடைத்தால் கறுப்பு மங்காது. இந்த வேலைக்கு நேரம் இல்லாத வீட்டுக்குக் கறுப்பு ஏற்றதல்ல.

வாங்கும் முன்

கடைக்குப் போகும் முன் அறையை அளந்து, கட்டிலும் அலமாரியும் வரும் இடங்களைத் தரையில் சாக்பீஸால் கோடிட்டு, கதவுகளைத் திறந்து மூடி, நடந்து பார்க்க வேண்டும். பிறகு கட்டிலின் தலைப் பலகை அளவுக்குக் கறுப்புத் துணியைச் சுவரில் தொங்கவிட்டுக் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் கவனித்தால் அறை எவ்வளவு கறுப்பைத் தாங்கும் என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். 100 சதுர அடி அறைக்கு ஒரு கறுப்புக் கட்டிலும் ஒரு கண்ணாடிச் சட்டமும் போதும். அலமாரியைச் சுவரின் நிறத்துக்கே விட்டுவிடுவது நல்லது.